காற்றுதானேன்னு விட்டுடாதீங்க... ஓட்டம், சைக்கிள், மலையேற்றத்தில் முகத்தைக் காந்த வைக்கும் 'விண்ட்பர்ன்': தடுப்பது எப்படி?

காலையில் ஓடப் போகிறவர்கள், சைக்கிள் மிதிக்கிறவர்கள், மலையேற்றம் போகிறவர்கள் பலருக்கும் இந்த அனுபவம் இருக்கும். வெளியே இருக்கும்போது முகத்தில் காற்று ஜில்லென்று படும். சுகமாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து முகம் கழுவிய பிறகுதான் கன்னமும் மூக்கும் காந்த ஆரம்பிக்கும். தோல் இழுத்துப் பிடிக்கும். சிரித்தால் உதடு வெடிக்கும். இரண்டு, மூன்று நாளில் தோல் உரியும்.

இதற்குப் பெயர்தான் 'விண்ட்பர்ன்'. அதாவது காற்றால் தோலுக்கு வரும் எரிச்சல். பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே சரியாகிவிடும். ஆனால் இரண்டு தவறுகள் இந்தச் சின்னப் பிரச்னையைப் பெரிதாக்கிவிடுகின்றன. ஒன்று, எல்லாப் பழியையும் காற்றின் மேல் போட்டுவிட்டு வெயிலை மறந்துவிடுவது. இன்னொன்று, எரிச்சல் அடங்கட்டும் என்று மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஏதோ ஒரு கிரீமை வாங்கித் தடவுவது.

காற்று ஏன் முகத்தை எரிக்கிறது, எப்படித் தடுக்கலாம், வந்துவிட்டால் என்ன செய்யணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காற்று எப்படித் தோலை எரிக்கும்?

நம் தோலின் மேல் அடுக்கை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். உயிரிழந்த தோல் செல்கள்தான் செங்கல். அவற்றுக்கு நடுவே இருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் சிமென்ட் கலவை. உடம்பின் ஈரம் வெளியே போகாமல் பிடித்து வைப்பது இந்தச் சுவரின் வேலை.

காற்று இல்லாதபோது தோலை ஒட்டி மெல்லிய ஈரக் காற்று ஒரு போர்வை மாதிரி இருக்கும். வேகமாகக் காற்று வீசினால் அந்தப் போர்வை கலைந்துவிடும். தோலில் இருக்கும் ஈரம் சட்டென்று ஆவியாகும். ஈரத்துணி காற்றடிக்கும் மொட்டை மாடியில் சீக்கிரம் காய்வது மாதிரிதான் இதுவும். ஈரம் போனால் சுவரில் விரிசல் விழும். அப்புறம் வியர்வை உப்பு, தூசு, சோப்பு எது பட்டாலும் எரியும்.

குளிரும் சேர்ந்தால் நிலைமை மோசம். குளிர்ந்த காற்றால் ஈரத்தை அதிகம் பிடித்து வைக்க முடியாது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி வரை இருக்கலாம். 0 டிகிரியில் அது சுமார் 5 கிராம்தான். அதனால்தான் பனிக்காலத்தில் உதடும் கன்னமும் இவ்வளவு சீக்கிரம் வறண்டு போகின்றன.

சும்மா நிற்பவரைவிட ஓடுகிறவருக்கு ஏன் அதிகம்?

காற்றே வீசாத நாளில்கூட நீங்கள் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் சைக்கிள் ஓட்டினால், உங்கள் முகத்தில் 25 கி.மீ. வேகக் காற்று அடிக்கிறது என்று அர்த்தம். எதிர்க்காற்று 20 கி.மீ. என்றால் மொத்தம் 45 கி.மீ.

வெப்பநிலை 5 டிகிரி இருக்கும்போது மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், தோலுக்கு அது 0 டிகிரி குளிர் போலத் தெரியும். அமெரிக்காவும் கனடாவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர் கணக்கு இது. கை, கால், உடம்பை எல்லாம் துணி மூடியிருக்கும். முகம் மட்டும்தான் திறந்து கிடக்கும். முதல் அடி அதற்குத்தான்.

எரிச்சலுக்குக் காரணம் காற்றா, வெயிலா?

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். 'விண்ட்பர்ன்' என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி உண்மையில் வெயிலால் வரும் 'சன்பர்ன்'தான் என்று தோல் மருத்துவர்கள் பலர் சொல்கிறார்கள்.

காற்று முகத்தைக் குளிர்விப்பதால் வெயில் சுடுவது தெரியாது. சுடவில்லை என்றால் நிழலுக்கும் ஒதுங்க மாட்டோம், சன்ஸ்கிரீனும் போட மாட்டோம். ஆனால் தோலைச் சேதப்படுத்தும் புற ஊதாக் கதிருக்குச் சூடு கிடையாது. குளிராக இருந்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும்.

உலக சுகாதார அமைப்பு சொல்லும் கணக்கைப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் மேலே போகும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. புதிதாக விழுந்த பனி 80 சதவீதம் வரை அதைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும். கடற்கரையின் காய்ந்த மணல் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். மெல்லிய மேகம் இருந்தாலும் பெருமளவு கதிர் கீழே வந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சூரியன் உதிப்பதற்கு முன்பே ஓடி முடித்துவிட்டும் முகம் எரிந்தால், அது காற்றும் குளிரும் செய்த வேலை. காலை 9 மணிக்கு மேல் நீண்ட நேரம் வெளியே இருந்திருந்தால் வெயிலுக்கும் அதில் பங்கு இருக்கும். எரிச்சல் சில மணி நேரம் கழித்து ஏறிக்கொண்டே போனாலும், கண்ணாடி மறைத்த இடம் மட்டும் தப்பியிருந்தாலும் வெயில் மேல்தான் சந்தேகப்படணும். எதுவென்று தெரியவில்லையா? இரண்டுக்கும் சேர்த்தே பாதுகாப்பு எடுங்கள்.

நம்ம நிறத்துக்கு எப்படித் தெரியும்?

இணையத்தில் தேடினால் சிவந்த கன்னங்களின் படம்தான் வரும். அதைப் பார்த்துவிட்டு "எனக்குச் சிவக்கலையே, அப்போ இது அது இல்லை" என்று முடிவு செய்யாதீர்கள்.

மாநிறம், கருப்பு நிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. முகம் வழக்கத்தைவிடக் கருத்துப் போகலாம். சாம்பல் பூத்த மாதிரி வெளிறலாம். சொரசொரப்பாக இருக்கலாம். தொட்டால் சூடு தெரியும், தண்ணீர் பட்டால் சுரீர் என்று எரியும். நம் நிறத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. எரிச்சல் ஆறிய இடத்தில் கருந்திட்டு விழுந்து, அது மறைய மாதக்கணக்கில் ஆகலாம். எரிச்சல் நாலு நாளில் போய்விடும், அடையாளம் போகாது. அதனால்தான் வராமல் தடுப்பது முக்கியம்.

எங்கெல்லாம் கவனமா இருக்கணும்?

ஊட்டி, கொடைக்கானல்: ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் நீலகிரியில் உறைபனி விழும். காலையில் வறண்ட குளிர், பத்து மணிக்கு மேல் பளீர் வெயில். ஒரே நாளில் இரண்டு அடி.

ஆடிக் காற்று அடிக்கும் ஊர்கள்: தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மழை பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் கொட்டிவிடும். ஈரம் குறைந்த காற்று கணவாய் வழியாக வேகமாக இந்தப் பக்கம் பாயும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல், செங்கோட்டை, கம்பம் பள்ளத்தாக்கு, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கோவை, பொள்ளாச்சி பகுதிகள் எல்லாம் அப்படித்தான். இங்கே குளிர் பெரிய பிரச்னை இல்லை. வறட்சியும் தூசும்தான் பிரச்னை.

கடற்கரை: காற்றில் ஈரம் இருக்கும். ஆனால் உப்பும் மணலும் முகத்தில் உரசும். வெயில் நேரம் என்றால் மணலிலிருந்தும் கதிர் திரும்பி வரும்.

இமயமலை: லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரம். உத்தராகண்டின் கேதார்காந்தா உச்சி சுமார் 3,800 மீட்டர். குளிர், காற்று, பனி, கடும் வெயில் நான்கும் ஒரே இடத்தில். சமவெளியிலிருந்து முதல் முறை மலையேற்றம் போகிறவர்கள் ஷூ, ஜாக்கெட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு முகத்தை மறந்துவிடக் கூடாது.

கிளம்புறதுக்கு முன்னாடி முகத்துக்கு என்ன போடணும்?

1. மாய்ஸ்சரைசர்: கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு தடவுங்கள். செராமைடு, கிளிசரின் இருப்பது நல்லது. வாசனை சேர்க்காதது இன்னும் நல்லது. எண்ணெய்ப் பசை முகம் என்றால் ஜெல் வகை, வறண்ட முகம் என்றால் கெட்டியான கிரீம்.

2. சன்ஸ்கிரீன்: எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று எழுதியிருக்க வேண்டும். வியர்க்கும் என்பதால் தண்ணீரில் எளிதில் கரையாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால் சரியான அளவு. காது, கழுத்துப் பின்பக்கம், மூக்கின் அடிப்பகுதி ஆகியவற்றை மறக்க வேண்டாம். பனியில் கதிர் கீழிருந்தும் வரும்.

3. பெட்ரோலியம் ஜெல்லி: கடும் குளிர்காற்று என்றால் மட்டும் மூக்கு நுனி, கன்னத்து மேடு ஆகிய இடங்களில் மெல்லிசாக ஒற்றி எடுங்கள். சன்ஸ்கிரீன் நன்றாகக் காய்ந்த பிறகுதான் இதைப் போட வேண்டும். தேய்த்தால் அடியில் இருப்பது கலைந்துவிடும். ஆடிக் காற்று மாதிரி வெப்பமான நேரத்தில் இது தேவையில்லை. வியர்வையோடு சேர்ந்து பிசுபிசுக்கும், தூசும் ஒட்டும்.

4. லிப் பாம்: எஸ்பிஎஃப் உள்ளது போடுங்கள். உதட்டில் பாதுகாப்பு நிறமியும் எண்ணெய்ச் சுரப்பியும் குறைவு. மெந்தால், கற்பூரம் கலந்தவை ஜில்லென்று இருக்கும். ஆனால் வெடித்த உதட்டை மேலும் எரிக்கும்.

தேங்காய் எண்ணெய் போதாதா?

ஈரத்தைப் பிடித்து வைக்கத் தேங்காய் எண்ணெய் உதவும். ராத்திரி தூங்கும் முன் தடவுவதில் தப்பில்லை. ஆனால் அது சன்ஸ்கிரீனுக்கு மாற்று கிடையாது. பெட்ரோலியம் ஜெல்லியும் அப்படித்தான், வெயிலைத் தடுக்காது. இன்னொன்றும் கவனிக்கணும். எண்ணெயோ ஜெல்லியோ தடவினால் முகத்துக்குக் கதகதப்பு கிடைக்காது. பூசிவிட்டோம் என்ற தைரியத்தில் முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உறைகுளிரில் நிற்கக் கூடாது.

எதை அணிவது நல்லது?

எவ்வளவு நல்ல கிரீமாக இருந்தாலும் துணிக்கு ஈடாகாது. கழுத்திலிருந்து மூக்கு வரை இழுத்துவிடும் 'பஃப்' துணி ஓட்டக்காரர்களுக்கு வசதி. கடும் குளிருக்கு நம்ம ஊர் குரங்கு குல்லாவே போதும். மூக்கையும் வாயையும் மறைத்தால் மூச்சுக்காற்றும் கொஞ்சம் சூடாகி உள்ளே போகும். குளிர்காற்றில் ஓடினால் இழுப்பு வருகிறவர்களுக்கு இது ரொம்ப உதவும்.

ஒரு எச்சரிக்கை. மூச்சாலும் வியர்வையாலும் துணி நனைந்துவிட்டால் உடனே மாற்றுங்கள். ஈரத்துணி முகத்தை இன்னும் குளிர வைக்கும். பையில் இன்னொரு பஃப் இருக்கட்டும்.

கண்ணுக்குப் பக்கவாட்டையும் மறைக்கிற கூலிங் கிளாஸ் போடுங்கள். காற்றில் கண்ணீர் வழிந்தால் கன்னத்துத் தோலும் எரியும். பனிமலையில் கண்ணாடி இல்லாமல் நடந்தால் கண்ணின் கருவிழியே வெயிலில் வெந்துபோகும். அன்று ராத்திரி கண்ணைத் திறக்க முடியாத அளவுக்கு வலிக்கும்.

வெளியே இருக்கும்போது என்ன செய்யணும்?

போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகுக்காற்று: பாதையை இப்படித் திட்டமிடுங்கள். கிளம்பும்போது உடம்பு காய்ந்திருக்கும், தெம்பும் இருக்கும். திரும்பும்போது வியர்வையில் நனைந்திருப்போம். அந்த நேரத்தில் எதிர்க்காற்று அடித்தால் குளிரும் எரிச்சலும் இரண்டு மடங்காகும்.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன்: கொட்டுகிற மாதிரி வியர்த்தால் அதற்கும் முன்பே போடணும். ஸ்டிக் வடிவில் இருப்பது ஓட்டத்துக்கு நடுவே தடவ வசதி.

துடைக்காதீர்கள், ஒற்றுங்கள்: வியர்வையைச் சட்டைக் கையால் அழுத்தித் தேய்த்தால், ஏற்கெனவே பலவீனமான தோல் உரிந்துவிடும்.

உதட்டை நக்காதீர்கள்: எச்சில் காயும்போது உதட்டில் இருந்த ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

யுவி இண்டெக்ஸ் பாருங்கள்: மொபைலில் வானிலை ஆப்பிலேயே இருக்கும். 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு தேவை. தமிழ்நாட்டில் டிசம்பரில்கூட வானம் தெளிவாக இருந்தால் நண்பகலில் அது 3-ஐத் தாண்டிவிடும்.

திரும்பி வந்ததும் என்ன செய்யணும்?

குளிரில் இருந்து வந்ததும் சுடச்சுடத் தண்ணீரில் முகம் கழுவத் தோன்றும். செய்யாதீர்கள். வெந்நீர் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். வெதுவெதுப்பான அல்லது சாதாரணத் தண்ணீர் போதும்.

சோப்பையும் தவிர்க்கலாம். தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது. குளியல் சோப்பு பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. எரிகிற முகத்தில் அதைப் போட்டால் இன்னும் வறளும். மென்மையான கிளென்சர் போதும். கழுவியதும் ஒற்றித் துடைத்துவிட்டு, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் போடுங்கள்.

ஏற்கெனவே எரிய ஆரம்பிச்சாச்சு, இப்போ என்ன செய்றது?

சுத்தமான துணியைச் சாதாரணத் தண்ணீரில் நனைத்து 10 நிமிடம் முகத்தில் வையுங்கள். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்க வேண்டாம். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரை ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை போடலாம். ராத்திரி வெடித்த இடங்களில் மட்டும் பெட்ரோலியம் ஜெல்லி. உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். முகம் ஆறும்வரை ஸ்க்ரப், ஷேவிங், ஃபேஷியல், பிளீச் எல்லாவற்றுக்கும் லீவு விடுங்கள். ஓட்டத்தையும் இரண்டு நாள் வீட்டுக்குள் மாற்றிக்கொண்டால் நல்லது.

நிறைய தண்ணீர் குடித்தால் சரியாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. உடற்பயிற்சி செய்கிறவர்களுக்குத் தண்ணீர் அவசியம்தான். ஆனால் விரிசல் விட்ட மேல்தோலைத் தண்ணீர் குடித்து மட்டும் சரிசெய்ய முடியாது. வெளியிலிருந்து பூச்சு வேண்டும்.

எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம்: எலுமிச்சைச் சாறு தடவிய தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருந்திட்டும் வரலாம். டூத்பேஸ்ட்டும் கூடாது.

கடையில கேட்டு வாங்குற கிரீம் ஏன் ஆபத்து?

இதுதான் மிக முக்கியமான எச்சரிக்கை. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் கலந்த கிரீம்கள் ஸ்டீராய்டு வகை. தடவிய ஒரே நாளில் எரிச்சல் அடங்கி, முகமும் பளிச்சென்று தெரியும். அதனாலேயே பலர் தொடர்ந்து தடவுகிறார்கள்.

விளைவு? தோல் மெலியும். பருக்கள் வரும். ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். முகத்தில் முடி வளரலாம். நிறுத்தினால் முன்பைவிடப் பல மடங்கு எரியும். எரிகிறதே என்று மறுபடியும் அதையே தடவுவார்கள். இந்தச் சுழலில் சிக்கும் நோயாளிகள் அதிகம் என்பதால், 'ஸ்டீராய்டால் பாதிக்கப்பட்ட முகம்' என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது.

எனவே வாங்கும் முன் டியூப்பைத் திருப்பி அதில் என்ன கலந்திருக்கிறது என்று படியுங்கள். நண்பர் கொடுத்தாலும் சரி, மேற்சொன்ன பெயர்கள் இருந்தால் டாக்டர் சொல்லாமல் முகத்தில் வைக்காதீர்கள்.

மைனஸ் குளிரில் இருப்பவர்கள் கவனத்துக்கு

கனடா, ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்களும், குளிர்காலத்தில் லடாக் போகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ளணும். விண்ட்பர்ன் எரியும். தோல் உறைந்துபோகும் 'ஃப்ராஸ்ட்பைட்' முதலில் குத்தும், அப்புறம் மரத்துப்போகும். எரிச்சல் திடீரென்று நின்றுவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், அதுதான் ஆபத்து.

மூக்கு நுனி, காது, கன்னம் ஆகியவை வெள்ளையாகவோ சாம்பலாகவோ, மெழுகு மாதிரியோ மாறினால் உடனே காற்று படாத இடத்துக்குள் போங்கள். உள்ளங்கையை வைத்து மெதுவாகச் சூடாக்குங்கள். தேய்க்கக் கூடாது. பனியை வைத்துத் தேய்ப்பது பழைய தவறான பழக்கம். நெருப்புக்கோ ஹீட்டருக்கோ பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோகவும் கூடாது, மரத்துப்போன தோலுக்குச் சுடுவது தெரியாது. உணர்ச்சி திரும்பவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

காற்றுக்குளிர் அளவு மைனஸ் 28 அல்லது அதற்குக் கீழே போனால், திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம் என்கிறது கனடா அரசின் வானிலை எச்சரிக்கை. அன்றைக்கு வெளியே ஓடாமல் ட்ரெட்மில்லில் ஓடுவதுதான் புத்திசாலித்தனம்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

பருக்களுக்கு அடபலீன், ட்ரெட்டினாயின் தடவுகிறவர்கள், ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுக்கிறவர்களுக்குத் தோல் ஏற்கெனவே வறண்டு, மெலிதாக இருக்கும். டாக்ஸிசைக்ளின் மாத்திரை எடுத்தால் வெயில் சீக்கிரம் சுடும். மலைப் பயணத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸிமா, ரோசேசியா இருப்பவர்களுக்கும் காற்று ஒத்துக்காது. பயணத்துக்கு முந்தைய நாள் ஃபேஷியல், த்ரெடிங் வேண்டாம். ஷேவிங்கை முந்தைய ராத்திரியே முடித்துவிடுங்கள். குழந்தைகளின் தோல் மெல்லியது, எரிகிறது என்று சொல்லவும் அவர்களுக்குத் தெரியாது. பைக்கில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகும்போது முகத்தை மறைக்க மறக்காதீர்கள்.

எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

கொப்புளம் வந்தால், கண்ணைச் சுற்றி வீங்கினால், சீழ் வைத்தால், காய்ச்சல் அடித்தால், பார்வை மங்கினால், ஒரு வாரம் ஆகியும் எரிச்சல் குறையவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் எரிகிறது என்றால், அது வெறும் காற்று இல்லாமல் வேறு தோல் பிரச்னையாகவும் இருக்கலாம்.

சுருக்கமா சொன்னா...

கிளம்பும் முன் மாய்ஸ்சரைசர், அதன் மேல் சன்ஸ்கிரீன், உதட்டுக்கு லிப் பாம், மூக்கு வரை துணி. வந்ததும் வெந்நீரும் சோப்பும் வேண்டாம், ஈரம் காய்வதற்குள் மறுபடியும் மாய்ஸ்சரைசர். டாக்டர் சொல்லாமல் ஸ்டீராய்டு கிரீம் வேண்டவே வேண்டாம். மொத்தமே ஐந்து நிமிட வேலைதான். மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டைத் தடுக்க அந்த ஐந்து நிமிடம் போதும்.